நான் இறங்காத மூன்று தீவுகள்

எங்கள் வெஸ்ட் வின்ட்சர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று காந்தப் பொம்மைகள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று கழுதை, ஒன்று காற்றாலை, ஒன்று மான். அடியில் ஊர்ப் பெயர் இங்கிலீஷில் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "ஓ, ஆன்ட்டி, நீங்க கிரீஸ் எல்லாம் போயிருக்கீங்களா?" என்று கேட்பார்கள். "போனேன்" என்பேன். அது பொய்யில்லை. மூன்று தீவுகளுக்கும் வாசல் வரைக்கும் போனேன். ஒன்றிலும் கால் வைக்கவில்லை.

அப்படி ஆக்கியவர் என் சம்பந்தியம்மா. அதற்கு நான் திருப்பிச் செய்ததை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். வருத்தப்பட்டு எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டுக்காரர் போனபிறகு பையன் என்னை அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்தப் பயணம் போகும்போது நான் நியூஜெர்சிக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பேத்தியோடு உட்கார்ந்து டீவி பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வருகிற ஃபோனைக் கேட்டுக் கேட்டு, இங்கிலீஷ் எனக்கு முக்கால்வாசி புரிய ஆரம்பித்துவிட்டது. பேச வராது. பேச வராததால் புரியவும் புரியாது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. யாரும் கேட்கவில்லையே.

சம்பந்தியம்மா கோயம்புத்தூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். எம்.ஏ. படித்தவர். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கொஞ்சம் இறங்கிப்போவது வழக்கம். அவர் உட்கார்ந்த பிறகு உட்காருவார்கள், அவர் சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். எனக்கு அதெல்லாம் வேண்டியிருந்ததும் இல்லை. ஆனால் இந்த அம்மா என்னிடம் பேசுவதே இல்லை, எனக்காகப் பேசுவார். "அவங்களுக்குக் காரம் ஆகாதுங்க." "அவங்களுக்கு மால்ல எல்லாம் சுத்தறது புடிக்காது, வீட்ல இருந்தாத்தான் நிம்மதி." நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எனக்குக் காரம் பிடிக்கும். மாலில் அந்த நகரும் படிக்கட்டில் ஏறி இறங்குவதும் பிடிக்கும். சொன்னதில்லை.

பையன் கம்பெனியில் ஷேர் விலை எல்லாம் ஏறின வருஷம் அது. மத்தியதரைக் கடலில் இரண்டு வாரத்துக்கு ஒரு மரக்கப்பல் வாடகைக்குப் பேசினான். பாய் கட்டிய கப்பல். ஓட்ட ஒரு கேப்டன், சமைக்க ஒரு ஆள். துருக்கியில் ஏறி, கிரீஸ் தீவுகள் மூன்றைப் பார்த்துவிட்டு, மறுபடி துருக்கியில் வேறொரு துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து ஊருக்குத் திரும்புவதாகத் திட்டம். பையன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி, பத்து மாதக் கைக்குழந்தை, நான். கோயம்புத்தூரிலிருந்து சம்பந்தியம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். "எங்க ஏஜென்ட் கெட்டிக்காரனுங்க. ரெண்டு நாட்டு விசாவும் கையில கொண்டாந்து குடுத்துட்டான்" என்று வந்த அன்றைக்கே சொன்னார்.

என் விசாவைப் பையன் நியூயார்க்கில் வாங்கினான். என்னை மருந்துக் கடைக்குக் கூட்டிப்போய் ஃபோட்டோ எடுத்தான். இரண்டு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன், தமிழில். ஒன்று துருக்கிக்கு, ஒன்று கிரீஸுக்கு. இரண்டு என்பது எனக்கு நன்றாக ஞாபகம்.

துருக்கிக் கரையோரம் போன முதல் நாலு நாளும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடலைப் பார்த்தால் தலை சுற்றும் என்று பயந்திருந்தேன். சுற்றவில்லை. தண்ணீர் அடிவரைக்கும் தெரியும். கப்பலை ஒரு மூலையில் நிறுத்துவார்கள், பைன் மரத்தடியில் இறங்கி நடப்போம். புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நின்றேன். பேத்தி கேம்கார்டரில் எடுத்தாள். "அப்பத்தா, வேவ் பண்ணு!" என்றாள். கையை ஆட்டினேன். அந்தக் கேசட் இன்னும் இருக்கிறது.

ஐந்தாம் நாள் காலை முதல் தீவு. தூரத்தில் வெள்ளை வெள்ளையாக வீடுகள், மலைமேல் ஒரு கோட்டை. நான் விடியும்போதே எழுந்து, கொண்டுபோயிருந்த ரைஸ் குக்கரில் சோறு வைத்து, தயிர் ஊற்றிப் பிசைந்து, ஃபாயில் பேப்பரில் ஆறு பொட்டலம் கட்டினேன். குழந்தையைத் தவிர ஆளுக்கொன்று. மாம்பழக் கலர் புடவை கட்டிக்கொண்டேன். கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டேன். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே பலகை போட்டிருந்தார்கள். சம்பந்தியம்மா இறங்கினார், அவர் வீட்டுக்காரர் இறங்கினார், பேத்தி குதித்தாள். நான் பலகையில் ஒரு காலை வைத்தேன்.

"அம்மா, நீ இரும்மா" என்றான் பையன்.

"ஏன் சாமி?"

"உனக்கு இந்த ஊருக்கு விசா இல்லம்மா. டைம் பத்தல. மிஸ் ஆயிருச்சு." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கப்பல் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தான்.

கரையிலிருந்து சம்பந்தியம்மா குரல் கொடுத்தார். "வெயில்ல நடக்கறது அவங்களுக்கு ஆகாதுங்க மாப்ள! போட்லயே ஜில்லுனு காத்து வருது. அவங்க இருந்துக்குவாங்க."

மருமகள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். "அத்தை, ஒரு மணிக்குப் பால். தூங்கினா எழுப்பாதீங்க. டயபர், சீரியல் எல்லாம் பேக்ல வச்சிட்டேன்." அந்தப் பை நான் வழக்கமாக உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில், ஜிப் போட்டு, தயாராக இருந்தது. தண்ணீர் பாட்டில்கூட நிரப்பி வைத்திருந்தாள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மறந்துபோன விசா என்றால் பை எப்படி முன்கூட்டியே தயாரானது என்று அப்புறம்தான் யோசித்தேன்.

ஐந்து பொட்டலத்தைக் கொடுத்தனுப்பினேன். ஆறாவதை மத்தியானம் நான் சாப்பிட்டேன். கரை என்னிடமிருந்து பத்து எட்டு. ஒரு கிழவர் அங்கே உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் பூனை பலகை வழியாக ஏறி வந்து, என்னைப் பார்த்துவிட்டு, இறங்கிப் போயிற்று. பூனை போய் வருகிற இடத்துக்கு நான் போக முடியவில்லையே என்று இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் சிவந்துபோய்ச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். சம்பந்தியம்மா கைப்பையைத் திறந்து கழுதைப் பொம்மையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தாங்க, உங்களுக்காக!"

வாங்கிக்கொண்டேன். சிரிக்கவும் செய்தேன்.

இரண்டாம் தீவுக்குப் போனபோது பேத்திக்குக் காலில் கொப்புளம். அவளையும் என்னோடு விட்டுவிட்டுப் போனார்கள். குழந்தை தூங்கிவிட்டது. அவள் குப்புறப் படுத்துக்கொண்டு சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பத்தா, ஆர் யூ சேட்?"

"இல்ல கண்ணு. எனக்கென்ன?"

"இட்ஸ் நாட் ஃபேர். உன் ஃபார்ம் டாட் ஃபில் பண்ணி வச்சிருந்தார். டெஸ்க் டிராயர்ல ஐ சா இட். அமுச்சி ஃபோன் பண்ணாங்கல்ல, அப்போ சொன்னாங்க, டோன்ட் சென்ட் இட்னு."

அமுச்சி என்பது சம்பந்தியம்மா. அம்மாவைப் பெற்றவளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஏன் அனுப்ப வேண்டாமாம்?" என்றேன், சும்மா கேட்கிற மாதிரி.

"ஸம்படி ஹேஸ் டு ஸ்டே வித் த பேபி-ன்னு. மாம் ஸ்பீக்கர்ல போட்டிருந்தா. 'உங்க அத்தைக்கு ஊர் பாக்கற ஆசையெல்லாம் கெடையாதுடி, போட்ல உக்காந்திருந்தா அதே அவங்களுக்கு டூர்'னு சொன்னாங்க. டாட் ஒண்ணுமே சொல்லல." அப்புறம் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "டோன்ட் டெல் மாம், ஓகே?"

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் கண்ணு" என்றேன். சொல்லவில்லை.

ஃபாரம் எங்கள் வீட்டு மேஜை டிராயரில் இருந்திருக்கிறது. என் தமிழ்க் கையெழுத்தோடு. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் மாட்டேன் என்றேனா? என்னிடம் நேராகக் கேட்டிருந்தால் ஒரு தீவு நான், ஒரு தீவு அவர் என்று முறை வைத்துக்கொண்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. ஆசை இல்லாதவள் என்று அவரே முடிவு கட்டி, என் மகன் வாயையும் அடைத்துவிட்டார்.

அன்றைக்குக் காற்றாலைப் பொம்மை வந்தது. "இந்தாங்க, உங்களுக்காக!"

மூன்றாவது பெரிய தீவு. இரண்டு நாள் தங்கல். முதல் நாள் மத்தியானம், எல்லோரும் கரையில் இருந்தார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மேல்தட்டில் உட்கார்ந்திருந்தேன். கேப்டன் எங்கள் பாஸ்போர்ட்டுகளையெல்லாம் மேஜைமேல் பரப்பி, துறைமுக ஆபீஸுக்குக் கொடுக்க ஏதோ காகிதம் எழுதிக்கொண்டிருந்தார். பெரிய மீசைக்காரர். என்னை "மதர்" என்பார். இங்கிலீஷ் அவருக்கும் துண்டு துண்டாகத்தான் வரும். அதனாலேயே அவர் பேசினால் எனக்கு நன்றாகப் புரியும்.

"மதர், கம். லுக்."

போய்ப் பார்த்தேன். சம்பந்தியம்மா பாஸ்போர்ட்டில் துருக்கி விசாவைக் காட்டினார். அதில் ஓர் இடத்தில் விரலை வைத்து, "ஒன்" என்றார். ஒற்றை விரலைத் தூக்கினார். "ஒன் டைம் டர்க்கி. கேம், வென்ட், ஃபினிஷ். அகெய்ன், நோ." அவர் வீட்டுக்காரருடையதும் அப்படியே. அப்புறம் என் பாஸ்போர்ட்டைத் திறந்து, பத்து விரலையும் விரித்துக் காட்டினார். "யூ, மெனி. யூ, குட்."

கெட்டிக்கார ஏஜென்ட் ஒரே ஒரு தடவை நுழைகிற விசா வாங்கிக் கொடுத்திருக்கிறான். துருக்கியை விட்டுக் கிளம்பின அன்றைக்கே அது தீர்ந்துபோயிற்று. யாரும் பார்க்கவில்லை. எம்.ஏ. படித்தவரும் பார்க்கவில்லை.

"டெல் சன்" என்றார் கேப்டன். ஊருக்குள் கையைக் காட்டினார். "டர்க்கிஷ் ஆபீஸ், ஹியர். டுமாரோ மார்னிங். ஈஸி. யூ டெல், யெஸ்?"

நான் தலையாட்டினேன். அவர் காகிதங்களை மடித்துக்கொண்டு கரையில் இருக்கிற சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் மத்தியானம்தான் வந்தார்.

பையன் சாயங்காலம் வந்தான். "என்னம்மா, போரடிச்சுதா?" என்று கேட்டான். அப்போதும் நான் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், வாய் வரைக்கும் வந்தது. பின்னாலேயே சம்பந்தியம்மா பலகையில் ஏறி வந்தார். கையில் மான். "இந்தாங்க, உங்களுக்காக! இந்த ஊர்ல மான்தான் ஃபேமஸ். நீங்கதான் பாக்கலியே!"

வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை முழுக்க இருந்தது. குளித்தேன். குழந்தைக்குச் சோறு குழைத்து ஊட்டினேன். சம்பந்தியம்மா படம் போட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு, அடுத்து இறங்கப்போகிற துருக்கித் துறைமுகத்தைப் பற்றி மருமகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே கோட்டை இருக்கிறதாம், கடைவீதி ஒரு மைல் நீளமாம், அங்கேதான் கம்பளம் வாங்க வேண்டுமாம். பயணத்திலேயே அந்த ஊர்தான் அவருக்கு முக்கியம். ஒன்றரை நாள் அங்கே சுற்றிவிட்டு ஃப்ளைட் ஏறுவதாக ஏற்பாடு. "அவங்க ரூம்ல ரெஸ்ட் எடுக்கட்டும், பாப்பாவும் தூங்குவா" என்றார் என்னைக் காட்டி.

மணி பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆயிற்று. கேப்டன் வந்தார். "டெல்?" என்று என்னிடம் கண்ணாலேயே கேட்டார். நான் தலையாட்டினேன். கயிறு அவிழ்த்தார்கள்.

மறுநாள் காலை துருக்கித் துறைமுகத்தில் எல்லோர் பாஸ்போர்ட்டையும் துறைமுக ஏஜென்ட் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். சம்பந்தியம்மா புதுப் புடவை, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கேமராவோடு பலகைக்கு முன்னால் நின்றார். அரை மணி நேரம் கழித்து ஏஜென்ட் இரண்டு பாஸ்போர்ட்டைத் தனியாகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வாட் டு யூ மீன் சிங்கிள்?" பையன் குரல் ஏறிவிட்டது. "தே ஆர் மை இன்-லாஸ்! வீ ஹேவ் அ ஃப்ளைட்!"

அவர்கள் இரண்டு பேரும் கப்பலை விட்டு இறங்கக் கூடாது, ஃபேக்ஸ் அனுப்பிப் பதில் வர வேண்டும், ஒருநாளோ இரண்டு நாளோ ஆகும் என்றார் அந்த ஆள். கேப்டன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐ டெல் மதர்! டூ டேஸ் பிஃபோர் ஐ டெல்!"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எப்போதும் சிரிக்கிற சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மருமகள்தான் காப்பாற்றினாள். "ஓ காட், அத்தைகிட்டயா சொன்னாரு? அவங்களுக்கு என்ன புரியும்?"

பையனும், "ஷீ டசின்ட் நோ இங்கிலீஷ், கேப்டன். யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ" என்றான். கேப்டன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தெரியும், நான் புரிந்துகொண்டு தலையாட்டினேன் என்று. ஆனால் மீசையைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

"இப்ப நான் என்ன பண்றதுங்க மாப்ள?" என்றார் சம்பந்தியம்மா. ஹெட்மிஸ்ட்ரஸ் குரல் போய், சின்னப் பெண் குரல் வந்திருந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேருக்கு முன்னால் நான் வாயைத் திறந்தேன். "போட்லயே ஜில்லுனு காத்து வருதுங்க சம்பந்தியம்மா. நீங்க இருந்துக்குவீங்க."

குழந்தையை அவர் கையில் கொடுத்தேன். "ஒரு மணிக்குப் பால். தூங்கினா எழுப்பாதீங்க."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பொய் சொல்கிற பிள்ளைகளைப் பார்த்தவர். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எதைச் சொல்லிக் கேட்பார்? கேட்டால் அந்த டிராயரில் கிடக்கிற ஃபாரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சம்பந்தி அப்பா மட்டும், "நீங்க போய்ட்டு வாங்கம்மா, பாத்து நடங்க" என்றார். அவர் நல்ல மனிதர். நான் நின்றால் எழுந்து இடம் கொடுப்பார். கோட்டை பார்க்க ஆசைப்பட்டுப் பைனாகுலர் எல்லாம் வாங்கி வந்திருந்தார். அவரும் சேர்ந்து மாட்டிக்கொண்டதுதான் எனக்குக் கஷ்டம். அவருக்காக மட்டும் கஷ்டம்.

பையன் ஏஜென்ட் பின்னால் ஓடிவிட்டான். மருமகள் ஃப்ளைட்டை மாற்ற ஃபோன் தேடிப் போனாள். நானும் பேத்தியும் கைகோத்துக்கொண்டு பலகையில் நடந்தோம். பலகை கொஞ்சம் ஆடிற்று. அப்புறம் கல் தரை. நின்று இரண்டு தடவை காலை அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.

"அப்பத்தா, வேர் டு யூ வான்ட் டு கோ?"

"எல்லா இடமும்" என்றேன்.

கோட்டைக்கு ஏறினோம். மூச்சு வாங்கிற்று. வெயில் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மேலே போய்ப் பார்த்தால் கப்பல் தெரிந்தது. மேல்தட்டில், நான் உட்காருகிற இடத்தில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு உருவம் அங்குமிங்கும் நடந்தது. குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது போல. அந்தச் சுவரோரம் ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். பேத்தி கூப்பிட்டும் வரவில்லை. சுட்ட சோளம் விற்றார்கள், நின்றபடியே சாப்பிட்டேன். மிளகாய்ப்பொடி கேட்டு வாங்கித் தூவிக்கொண்டேன். கடைவீதி ஒரு மைல் இருந்தது. முழு மைலும் நடந்தேன். கம்பளக்காரர் ஒருவர் உட்காரவைத்து டீ கொடுத்து, பதினைந்து கம்பளம் விரித்துக் காட்டினார். எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தேன். சம்பந்தியம்மா புத்தகத்தில் வாசித்த எதையும் விடவில்லை.

கடைசியில் ஒரு சின்னக் கடையில் காந்தப் பொம்மைகள் தொங்கின. கோட்டை போட்டது ஒன்று எடுத்தேன். பேத்திதான் பேசி வாங்கினாள்.

சாயங்காலம் திரும்பினோம். சம்பந்தியம்மா புதுப் புடவையில் குழந்தை கக்கின கறையோடு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் உள்ளங்கையில் பொம்மையை வைத்தேன்.

"இந்தாங்க, உங்களுக்காக. இந்த ஊர்ல கோட்டைதான் ஃபேமஸாம்."

அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நீங்க சொல்லியிருக்கலாமே" என்றார்.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றேன்.

இரண்டாம் நாள்தான் அனுமதி வந்தது. இறங்கி நேராக ஏர்போர்ட்டுக்குப் போனார்கள். அந்த ஊர்க் கடைவீதியை அவர் கார் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். அதற்கப்புறம் அவர் எனக்காகப் பேசுவதை நிறுத்திவிட்டார். என்னைக் கேட்டுவிட்டுத்தான், "அவங்க வர்றாங்களாம்", "அவங்களுக்கு வேணுமாம்" என்று சொல்வார். மரியாதை என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். பயம் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போனபோது அவர் வீட்டில் தங்கினேன். தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். கதவு நிறையப் பொம்மைகள். எனக்குக் கொடுத்தது போலவே தனக்கும் வாங்கிய கழுதை இருந்தது, காற்றாலை இருந்தது, மான் இருந்தது. அவர் போன ஊர்கள் எல்லாம் இருந்தன. கோட்டை மட்டும் இல்லை.

ஒரு டம்ளர் தண்ணீரை அங்கேயே நின்று நிதானமாகக் குடித்தேன். அவ்வளவு ருசியான தண்ணீர் நான் குடித்ததில்லை.